பத்தாயிரம் ரூபாய்க்குள் பழைய ஸ்டீரியோவைத் தேற்றுவது

ஒரு ஸ்பீக்கர் பெட்டி பீரோவின் மேல், இன்னொன்று டிவிக்குப் பின்னால் சுவரோடு ஒட்டி, ஆம்ப் (ஆம்ப்ளிஃபையர்) ஷோகேஸுக்குள். நம் வீடுகளில் ஸ்டீரியோ பெரும்பாலும் இப்படித்தான் உட்கார்ந்திருக்கிறது. பாட்டு தெளிவாக இல்லை என்று தோன்றியதும் மனசு ஓடுவது ஆம்ப் பக்கம்: இன்னும் அதிக வாட் வாங்கிவிடலாம் என்று. கையில் பணம் குறைவாக இருப்பவர் முதலில் கைவிட வேண்டியது அந்த யோசனையைத்தான்.

ஏன் என்றால், 50 வாட் ஆம்பை மாற்றி 100 வாட் வாங்கினால் கூடுவது 3 டெசிபெல். காதுக்கு அது "கொஞ்சம் கூடியிருக்கிறது" என்ற அளவுதான். இரண்டு மடங்கு சத்தம் என்று காது உணர ஏறக்குறைய 10 டெசிபெல் கூட வேண்டும், அதாவது பத்து மடங்கு வாட். பன்னிரண்டுக்குப் பத்தடி அறையில் 87 டெசிபெல் சென்சிடிவிட்டி (1 வாட் கொடுத்தால் ஒரு மீட்டர் தள்ளி வரும் சத்தம்) உள்ள பெட்டிகள் இரண்டுக்கும் ஆளுக்கு 1 வாட் கொடுத்தாலே இரண்டரை மீட்டர் தள்ளி உட்கார்ந்திருப்பவர் காதில் 80 டெசிபெல்லைத் தாண்டும். அது நல்ல சத்தம். தவில் ஓங்கி விழும் கணத்துக்கு மட்டும் பத்து, இருபது வாட் தேவைப்படும். 89 டெசிபெல் பெட்டிக்கு 86 டெசிபெல் பெட்டியைவிடப் பாதி வாட் போதும் என்பதையும் கணக்கில் வையுங்கள். பெட்டியைச் சரியாகத் தேர்ந்தெடுத்தாலே ஆம்புக்கு ஆகும் செலவு குறைகிறது.

டப்பாவில் பெரிதாகப் போட்டிருக்கும் பி.எம்.பி.ஓ. என்ற வாட் எண்ணை அப்படியே மறந்துவிடலாம். அதை அளக்க ஏற்றுக்கொள்ளப்பட்ட முறை எதுவும் கிடையாது. அடாப்டரில் எழுதியிருக்கும் வோல்ட்டையும் ஆம்பியரையும் பெருக்கிப் பாருங்கள். 12 வோல்ட், 2 ஆம்பியர் என்றால் உள்ளே போவதே 24 வாட். வெளியே தொடர்ந்து அதற்கு மேல் வர வழியில்லை.

என் கணக்கில் பத்தாயிரத்தில் ஆறாயிரம் ஸ்பீக்கருக்கு. இரண்டாயிரம் ஆம்புக்கும் அதன் பவர் சப்ளைக்கும். மீதி ஒயர், கெபாசிட்டர், டாங்கிள் போன்ற சில்லறைக்கு. ஆனால் ஒரு ரூபாய்கூட எடுப்பதற்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமையைப் பெட்டிகளை இடம் மாற்றுவதற்கு ஒதுக்குங்கள். இந்த வேலையில் கிடைக்கும் முன்னேற்றம் எந்தக் கடையிலும் விலைக்குக் கிடைக்காது.

அறை நீளவாட்டில் இருந்தால் குட்டைச் சுவர்ப் பக்கம் இரண்டு பெட்டிகளையும் வையுங்கள். நடுவில் ஆறு, ஏழு அடி இடைவெளி. கேட்பவர் இரண்டுக்கும் சம தூரத்தில், அதே ஆறேழு அடி அல்லது கொஞ்சம் கூடத் தள்ளி. ட்வீட்டர், அதாவது மேல்சுர ஒலி தரும் சின்ன ஸ்பீக்கர், காதின் உயரத்துக்கு வர வேண்டும். நாற்காலியில் உட்கார்ந்தால் காது தரையிலிருந்து ஏறக்குறைய ஒரு மீட்டர் உயரத்தில் இருக்கும், பாயில் சம்மணமிட்டால் முக்கால் மீட்டர். பின்புறம் ஓட்டை உள்ள பெட்டியைச் சுவரிலிருந்து ஓர் அடியாவது முன்னே இழுக்க வேண்டும். மூலையில் திணித்தால் பேஸ் கூடியதுபோல் தெரியும். உண்மையில் கூடுவது கீழ்ச்சுரங்களில் சில மட்டும்தான், மற்றவை அதற்குள் அமுங்கிப் போகும். பக்கச் சுவருக்கும் பின்சுவருக்கும் உள்ள தூரம் ஒரே அளவாக இல்லாமல், ஒன்று 40 செ.மீ., மற்றது 65 செ.மீ. என்பதுபோல் இருக்கட்டும்.

இதற்கெல்லாம் காரணம் சுவருக்குச் சுவர் மோதித் திரும்பி அறைக்குள் நிற்கும் ஒலி அலைகள். நம் வெயிலில் ஒலியின் வேகம் நொடிக்கு ஏறக்குறைய 350 மீட்டர். அதில் பாதியான 175-ஐ அறையின் நீளத்தால் (மீட்டரில்) வகுங்கள். பன்னிரண்டு அடிக்கு 48 ஹெர்ட்ஸ், பத்தடிக்கு 57 ஹெர்ட்ஸ் வரும். அந்த அதிர்வெண்களிலும் அவற்றின் இரட்டிப்புகளிலும் அறை தானாக உறுமும். பேஸ் கிட்டாரில் ஒரு சுரம் மட்டும் மற்றவற்றை மிதித்துக்கொண்டு எழுந்தால் ஆம்பைக் குறை சொல்ல வேண்டாம், பெட்டியைப் பத்து செ.மீ. முன்னே நகர்த்துங்கள். கேட்பவர் தலை பின்சுவரில் சாய்ந்திருந்தாலும் இதே கதைதான். சோபாவை ஓரடி முன்னே இழுத்தால் பாதி உறுமல் போய்விடும்.

ஸ்டாண்ட் வாங்கப் பணம் வேண்டாம். கட்டடத்துக்கு வாங்கும் ஹாலோ பிளாக் 16 அங்குல நீளம். ஒன்றைச் செங்குத்தாக நிறுத்தினால் 40 செ.மீ., அதன் மேல் இன்னொன்று நிறுத்தினால் 80. சாதாரண புத்தக அலமாரி அளவுப் பெட்டியில் ட்வீட்டர் அடியிலிருந்து 20, 25 செ.மீ. மேலே இருக்கும். ஆகவே நாற்காலிக்கு இரண்டு கல், பாய்க்கு ஒரு கல்லும் ஒரு பலகையும். இரண்டு கல் வைப்பதானால் சிமெண்ட் கலவை போட்டு ஒட்டுங்கள், குழந்தை இடித்தால் சாயும். கல்லுக்கும் பெட்டிக்கும் நடுவே பழைய சைக்கிள் டியூபில் வெட்டிய நான்கு துண்டுகள்.

அடுத்தது எக்கோ. டைல்ஸ் தரை, கான்கிரீட் கூரை, வெறும் சுவர் என்றால் கை தட்டியதும் "டர்ர்ர்" என்று ஒரு வால் நீளும். பாடகரின் சொற்கள் குழம்புவது இதனால்தான். தரையில் விரிக்கும் மெல்லிய ஜமுக்காளம் மேல்சுர ஒலியை மட்டும் கொஞ்சம் உறிஞ்சும். நான்கு அங்குல இலவம்பஞ்சு மெத்தையைச் சுவரில் சாய்த்தால் குரல் இருக்கும் பகுதி வரை உறிஞ்சும். எங்கே சாய்ப்பது? நீங்கள் கேட்கும் இடத்தில் உட்கார்ந்துகொள்ளுங்கள், ஒருவர் கண்ணாடியைப் பக்கச் சுவரோடு ஒட்டி நகர்த்தட்டும். கண்ணாடியில் ட்வீட்டர் தெரியும் இடம்தான் அது. மடிப்பு மடிப்பாகத் தொங்கும் கனமான திரையும், புத்தகம் நிறைந்த அலமாரியும் நன்றாக உதவும். முட்டை அட்டையும் தெர்மாகோலும் வேண்டாம். தெர்மாகோல் ஒலியை உறிஞ்சாது, முட்டை அட்டை உறிஞ்சுவது மிகச் சொற்பம், இரண்டுமே எளிதில் தீப்பிடிப்பவை.

சரியாக வைத்திருக்கிறோமா என்று பார்க்கப் பழைய மோனோ பாட்டைவிட, அதாவது இரண்டு பெட்டியிலும் ஒரே ஒலி வரும் பாட்டைவிட, நல்ல கருவி இல்லை. ஐம்பது, அறுபதுகளின் தமிழ்த் திரைப்பாடல்கள் பெரும்பாலும் மோனோ. குரல் இரண்டு பெட்டிகளுக்கும் நடுவில், வெறும் காற்றில், ஒரே புள்ளியில் நிற்க வேண்டும். அது அகலமாகப் பரவி, எங்கிருந்து வருகிறது என்றே தெரியாமல், பேஸும் காணாமல் போயிருந்தால் ஒரு பெட்டியின் ஒயர் பிளஸ் மைனஸ் மாறியிருக்கிறது. பின்பக்கக் குறியை மட்டும் நம்பாமல் 1.5 வோல்ட் பேட்டரி ஒன்றை எடுத்து, அதன் பிளஸை ஊஃபரின் (பேஸ் தரும் பெரிய ஸ்பீக்கர்) பிளஸிலும் மைனஸை மைனஸிலும் ஒரு நொடி தொடுங்கள். கோன் (முன்னால் தெரியும் கூம்பு) வெளியே வந்தால் குறி சரி, உள்ளே போனால் தலைகீழ். இந்தச் சோதனை ஊஃபருக்கு மட்டும், ட்வீட்டரில் செய்யக்கூடாது.

ஒயரில் மந்திரம் எதுவும் இல்லை, தடிமன்தான் விஷயம். 1.5 சதுர மி.மீ. செம்பு ஒயர் ஐந்து மீட்டர் தூரத்துக்குப் போய்த் திரும்பினால் 0.12 ஓம். 8 ஓம் ஸ்பீக்கருக்கு அது ஒன்றுமே இல்லை. செட்டோடு இலவசமாக வரும் நூல் போன்ற ஒயர் 0.2 சதுர மி.மீ. என்றால் அதே தூரத்துக்கு 0.9 ஓம் ஆகிவிடும், பேஸின் பிடி தளரும். வீட்டு வயரிங்குக்கு வரும் பல இழை 1.5 ஒயரை இரண்டாக முறுக்கிப் போட்டால் போதும். பளபளக்கும், கண்ணாடிபோல் உள்ளே தெரியும் உறை போட்ட ஒயர் வாங்கினால் ஓர் இழையைப் பிளேடால் சுரண்டுங்கள். உள்ளே வெள்ளையாகத் தெரிந்தால் அலுமினியத்தின் மேல் செம்பு பூசியது, மின்தடை ஒன்றரை மடங்கு. திருகுக்குக் கீழே போகும் முனையில் ஈயம் வைக்காதீர்கள். ஈயம் அழுத்தத்தில் மெல்ல நசுங்கி, சில மாதத்தில் திருகு லூஸாகிவிடும்.

இனி பெட்டிக்கு உள்ளே. பரணில் பத்துப் பதினைந்து வருடம் கிடந்த நல்ல பெட்டி இருந்தால் அதைத் தேற்றுவதுதான் இருப்பதிலேயே லாபமான வேலை. கோனைச் சுற்றியுள்ள வளையத்தை விரலால் மெல்லத் தொடுங்கள். ரப்பர் என்றால் தப்பித்தீர்கள். ஃபோம் என்றால் நம் ஊர் ஈரப்பதத்தில் பொடிந்து விரலில் ஒட்டும். பேஸ் வரும்போது "பர்ர்" என்று கிழிந்த சத்தம் வருவது இதனால்தான். காந்தமும் காயிலும் (கோனை அசைக்கும் கம்பிச் சுருள்) நன்றாக இருக்கும், மாற்ற வேண்டியது வளையம் மட்டும்.

புது வளையம் வாங்கக் கோனின் விட்டம், சட்டத்தின் உள்விட்டம், வளையத்தின் அகலம் மூன்றையும் அளந்துகொள்ளுங்கள். "எட்டு அங்குலம்" என்று மட்டும் சொல்லி வாங்கினால் பொருந்தாமல் போகும். பழைய ஃபோமையும் பசையையும் ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் நனைத்த பஞ்சால் தேய்த்து எடுக்க வேண்டும். பெயிண்ட் தின்னர் கோனின் பூச்சையே கரைக்கும், வேண்டாம். நடுவில் உள்ள டஸ்ட் கேப்பை (தூசி மூடி) பிளேடால் சுற்றி அறுத்து எடுத்து, காயிலுக்கும் நடுக் காந்தத் தண்டுக்கும் இடையே பழைய எக்ஸ்ரே ஃபிலிமில் வெட்டிய நான்கு பட்டைகளை நான்கு திசையிலும் செருகுங்கள். காயில் நடுவில் நிற்க இதுதான் வழி. முதலில் வளையத்தைக் கோனோடு ஒட்டிக் காயவிடுங்கள், அதன் பிறகு சட்டத்தோடு. ஒரு நாள் முழுவதும் தொடாதீர்கள். பட்டைகளை எடுத்ததும் இரண்டு கட்டை விரலால் கோனைச் சமமாக அழுத்திப் பார்த்தால் சத்தமே வரக்கூடாது. "சரக் சரக்" என்று உரசினால் காயில் சாய்ந்திருக்கிறது, பசையைப் பிரித்துத் திரும்பச் செய்ய வேண்டும். உரசலோடு ஓட்டினால் காயில் தேய்ந்து ஷார்ட்டாகும்.

மைக் செட் ஸ்பீக்கர்களுக்கு ரீகோன் செய்யும், அதாவது கோன் மாற்றிக் கொடுக்கும், கடையில் கொடுப்பதானால் ஒன்றை வாய்விட்டுச் சொல்ல வேண்டும்: துணி எட்ஜ் (துணி வளையம்) போடாதீர்கள் என்று. கல்யாண மண்டபத்துக் கோனுக்கு அது சரி. வீட்டுப் பெட்டியில் அந்த விறைப்பு கோனின் ஒத்ததிர்வை மேலே தள்ளிவிடும், கீழ் பேஸ் போய்விடும். ஃபோம் இருந்த இடத்தில் ஃபோம் அல்லது மெல்லிய ரப்பர்.

ட்வீட்டர் ஊமையாக இருந்தால் மல்டிமீட்டரில் பாருங்கள். 8 ஓம் ட்வீட்டர் ஐந்தரை முதல் ஏழு ஓம் காட்டும். ஒன்றுமே காட்டாவிட்டால் காயில் அறுந்துவிட்டது. சின்ன ஆம்பை முழு வால்யூமில் திருகி அலை தலை நசுங்கியபோது கருகியதாகவே பெரும்பாலும் இருக்கும். நசுங்கிய அலையில் மேல்சுர ஆற்றல் கூடி, எல்லாம் ட்வீட்டர் தலையில் விழும்.

ட்வீட்டருக்கு முன்னால் நின்று கீழ்ச்சுரங்களைத் தடுக்கும் கெபாசிட்டரையும் கவனியுங்கள். மலிவுப் பெட்டிகளில் வெறும் 2.2 மைக்ரோஃபாரட் ஒன்று மட்டும் இருக்கும். 8 ஓம் ட்வீட்டரோடு அது 9 கிலோஹெர்ட்ஸுக்கு மேல்தான் வழிவிடும். 4.7 என்றால் 4.2 கிலோஹெர்ட்ஸ். அதற்காக மதிப்பை இஷ்டத்துக்கு ஏற்றாதீர்கள், கீழே இறங்க இறங்க மெல்லிய ட்வீட்டர் தாங்காது. பழைய நான்-போலார் எலக்ட்ரோலிட்டிக் வகைக் கெபாசிட்டர் வருடக்கணக்கில் காய்ந்திருக்கும். அதே மதிப்பில், 100 வோல்ட் பாலிபுரோப்பிலின் ஃபிலிம் கெபாசிட்டராக மாற்றினால் வயலினின் வில் உரசல்கூடத் திரும்ப வரும். மாற்றிய பிறகு ட்ரெபிள் குத்தினால் தொடரில் 1 ஓம், 5 வாட் ரெசிஸ்டர் ஒன்று.

வீட்டில் தேற்ற எதுவும் இல்லையென்றால் அந்த ஆறாயிரத்துக்குப் பழைய பெட்டி தேடுவதே என் பரிந்துரை. அதே விலைக்குப் புதிதாக வரும் 2.1 செட்டின் (இரண்டு குட்டிப் பெட்டியும் பேஸுக்கென ஒரு சப்ஊஃபரும்) சின்ன சப்ஊஃபர் ஒரே சுரத்தில் "தும் தும்" என்றுதான் அடிக்கும். சோனோடைன், காஸ்மிக், பிலிப்ஸ் காலத்துப் பெட்டிகளும், வளைகுடாவிலிருந்து வந்தவர்கள் சுமந்து வந்த ஜப்பானியப் பெட்டிகளும் இன்னும் கைமாறிக்கொண்டிருக்கின்றன. பார்க்கப் போகும்போது மல்டிமீட்டர், ஒரு பேட்டரி, போனில் 30 ஹெர்ட்ஸிலிருந்து 15 கிலோஹெர்ட்ஸ் வரை ஏறும் சோதனை ஒலி இவை கையில் இருக்கட்டும். இரண்டு பெட்டியையும் மாற்றி மாற்றிக் கேளுங்கள், ஒன்று மங்கலாக இருந்தால் விலை பேசுவதற்கு முன் காரணத்தைக் கண்டுபிடியுங்கள். பெட்டியின் அடியைத் தடவுங்கள். வீடு துடைக்கும் தண்ணீர் ஏறிப் பார்ட்டிகிள் போர்டு உப்பியிருந்தால் அதைத் திரும்பச் சரிசெய்ய முடியாது. மினி சிஸ்டத்தோடு வந்த பெட்டி என்றால் பின்னால் உள்ள ஓம் எண்ணைப் படியுங்கள். பல 6 ஓம், சில 3 ஓம். குறைந்தது 4 ஓம் கேட்கும் ஆம்பில் 3 ஓமை மாட்டினால் சூடாகி அணைந்துகொண்டே இருக்கும்.

ஆம்புக்கு இந்தப் பட்ஜெட்டில் டி.பி.ஏ.3116 என்ற ஐ.சி. உள்ள ஆம்ப் போர்டு போதும். சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டிலும் ஆன்லைனிலும் தாராளமாகக் கிடைக்கிறது. பழைய 4440 ஐ.சி. போர்டோடு ஒப்பிட்டால் தெரியும்: கார் ரேடியோவுக்காக 13.2 வோல்ட்டில் ஓட வடிவமைத்த அந்த ஐ.சி. ஸ்டீரியோவில் பக்கத்துக்கு 6 வாட்தான் தரும், அதுவும் 4 ஓமில், பத்து சதவீதச் சிதைவோடு. 3116 போர்டின் வாட்டைத் தீர்மானிப்பது அதற்குக் கொடுக்கும் வோல்ட். வோல்ட்டை அதே வோல்ட்டால் பெருக்கி, ஸ்பீக்கர் ஓமின் இரட்டிப்பால் வகுங்கள். 12 வோல்ட் அடாப்டரில் 8 ஓமுக்கு 9 வாட், 19 வோல்ட்டில் 22. இழப்பு போக 18, 20 நிற்கும். வீட்டில் சும்மா கிடக்கும் 19 வோல்ட், 65 வாட் லேப்டாப் சார்ஜர் இதற்குக் கச்சிதம். ஜாக் வாங்கும்போது நடுமுள் 2.1 மி.மீ.யா 2.5 மி.மீ.யா என்று பார்த்து வாங்குங்கள், தவறான ஜாக் உள்ளே போகாது அல்லது லூஸாக நின்று விட்டு விட்டுப் பாடும். 24 வோல்ட் சப்ளை மாட்டுவதானால் போர்டில் உள்ள பெரிய கெபாசிட்டர் 25 வோல்ட்டா 35 வோல்ட்டா என்று படியுங்கள். 25 என்றிருந்தால் முதலில் அதை மாற்றுங்கள்.

இந்தப் போர்டுகள் அதிகம் கருகுவது ஒரே ஒரு தவறால். இதில் இரண்டு ஸ்பீக்கர் மைனஸும் எர்த் இல்லை, அவற்றிலும் சிக்னல் ஓடுகிறது. இரண்டு மைனஸையும் ஒன்றாக முறுக்கினாலோ, பெட்டியின் மைனஸ் எங்காவது சேஸியில் (உலோகக் கூடு) பட்டாலோ ஐ.சி. போய்விடும். இரண்டு பெட்டிக்கும் மூன்றே ஒயர் ஓடும் பழைய வயரிங்கைக் கழற்றிவிட்டு நான்கு ஒயராக்குங்கள். புளூடூத் சேர்ந்த போர்டைவிடப் புளூடூத் இல்லாத போர்டு மேல். மலிவுப் போர்டுகளில் அந்த மாட்யூலின் "கீ" ஓசை அமைதியான இடங்களில் கேட்கும்.

பழைய டிரான்சிஸ்டர் ஆம்ப் கிடைத்தால் நேரே பிளக்கில் சொருகாதீர்கள். முதலில் பின்னால் 230 வோல்ட் என்று இருக்கிறதா என்று பாருங்கள். ஜப்பான் உள்ளூர் மாடல்கள் 100 வோல்ட், அவற்றுக்கு ஸ்டெப் டவுன் டிரான்ஸ்ஃபார்மர் வேண்டும். பிறகு 60 வாட் குண்டு பல்பைத் தொடரில் போட்ட சீரிஸ் போர்டில் மாட்டுங்கள். பல்பு ஒரு கணம் பளிச்சென்று எரிந்து மங்கினால் நல்லது. பிரகாசமாகவே நின்றால் உள்ளே ஷார்ட். ஸ்பீக்கர் மாட்டாமல் வெளியீட்டில் டி.சி. வோல்ட்டை அளங்கள். 50 மில்லிவோல்ட்டுக்குள் இருந்தால் மாட்டலாம். 100-ஐத் தாண்டினால் பழுது பார்த்த பிறகுதான். சில வோல்ட் வந்தாலே ஊஃபரின் காயில் சூடேறிக் கெட்டுப்போகலாம். வால்யூம் திருகும்போது கரகரத்தால் காண்டாக்ட் கிளீனர் அடித்து இருபது முறை திருகுங்கள். மண்ணெண்ணெயும் மெஷின் ஆயிலும் ஒரு வாரம் நன்றாக இருக்கும், பிறகு தூசி சேர்ந்து முன்னைவிட மோசம்.

பாட்டு வரும் இடத்துக்கு அதிகம் செலவு வேண்டாம். போனில் செருகி ஆம்புக்கு ஒயர் இழுக்க, ஆயிரம் ரூபாய்க்குள் கிடைக்கும் டைப்-சி டாங்கிள் ஒன்று. போனின் வால்யூமை முழுதாக வைத்து, கூட்டுவதும் குறைப்பதும் ஆம்பில். போனில் குறைத்து ஆம்பில் ஏற்றினால் இரைச்சலும் சேர்ந்து ஏறும். போனில் உள்ள ஈக்வலைசர், பேஸ் பூஸ்ட் எல்லாவற்றையும் அணைத்துவிட்டுத்தான் பெட்டியின் இடத்தை முடிவு செய்ய வேண்டும்.

கடைசியாக ஹம்மிங். லேப்டாப்பிலிருந்து பாடும்போது மட்டும் இரைந்தால் அதன் சார்ஜரைப் பிடுங்குங்கள். நின்றால் எர்த் இரண்டு வழியாகச் சுற்றுகிறது. ஆடியோ ஒயரின் நடுவே கிரவுண்ட் லூப் ஐசொலேட்டர் மாட்டினால் தீரும். எர்த் முள்ளை வெட்டுகிறவர்கள் இருக்கிறார்கள், அதை மட்டும் செய்யாதீர்கள், உயிருக்கு ஆபத்து. இன்னொரு வகை இரைச்சல் மாலையானால் மட்டும் வரும், "ஜ்ஜ்ஜ்" என்று. சீலிங் ஃபேனை முழு வேகத்தில் வைத்துப் பாருங்கள். இரைச்சல் போய்விட்டால் குற்றவாளி டிம்மர் வகை எலக்ட்ரானிக் ரெகுலேட்டர். படிப்படியாகத் திருகும் கெபாசிட்டர் வகை ரெகுலேட்டராக மாற்றுங்கள், அல்லது ஆம்பை வேறு லைனில் உள்ள பிளக்குக்குக் கொண்டுபோங்கள்.